சீட்டுகளுக்கு நடுவே ஓடும் ஆறு

அன்புள்ள அக்கா,

ஆறு மாதமாக, படச் சீட்டுகளை விரித்துப் பலன் சொல்லும் டாரட் பழகுகிறேன். 78 சீட்டுக்கும் பொருள் மனப்பாடம். ஒற்றைச் சீட்டு என்றால் சொல்லிவிடுவேன், மூன்று விரித்தால் தடுமாறுகிறேன். போன வாரம் என் தோழி, வெளியூரில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். இடமிருந்து வலமாக கோப்பை ஆறு (6), கோப்பை ஐந்து (5), வாள் ஆறு (6) விழுந்தன. "பழைய நினைவு, இழப்பு, பயணம்" என்றேன். "சரி, அப்புறம்?" என்றாள். பதில் வரவில்லை. சேர்த்துப் படிக்க எப்படிக் கற்றுக்கொள்வது?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தங்கைக்கு,

தோழி கேட்டது சரியான கேள்வி. நீங்கள் மூன்று சொல் கொடுத்தீர்கள், அவர் ஒரு வாக்கியத்துக்குக் காத்திருந்தார். வாக்கியத்துக்கு வினைச்சொல் வேண்டும். அதைப் பொருள் பட்டியலில் தேடாதீர்கள், படத்தில் தேடுங்கள்.

உங்களிடம் இருப்பது ரைடர் கட்டு என்று வைத்துக்கொள்கிறேன். 1909-ல் லண்டனில் வந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். பழைய மார்செய் கட்டில் கோப்பை ஐந்து என்றால் வெறும் ஐந்து கோப்பைதான், ரம்மிக் கட்டின் ஐந்து ஹார்ட்டின் மாதிரி. இந்தக் கட்டின் எண் சீட்டுகளுக்குள் மனிதர்களையும் ஊரையும் தண்ணீரையும் கொண்டுவந்தவர் ஸ்மித். பட்டியலை மட்டும் உருப்போடுகிறவர்கள் அந்தப் பெண்மணியின் உழைப்பைப் பார்க்காமலே போகிறார்கள். எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு.

மூன்றையும் அதே வரிசையில் மறுபடி வையுங்கள். நடுவில் கறுப்பு அங்கி போர்த்தித் தலை குனிந்து நிற்கிறவரைப் பாருங்கள். முகம் இடப்பக்கம். அவர் முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன, அவற்றை அவர் பார்க்கவில்லை. நம் ஜோசியர்கள் ஒரு கிரகத்தைத் தனியாகச் சொல்லிவிட மாட்டார்கள், யாருடைய பார்வை எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள் அல்லவா? அதேதான் இங்கும். இவருடைய பார்வை விழும் இடத்தில் கோப்பை ஆறு இருக்கிறது: பழைய வீட்டு முற்றம், சின்னப் பெண்ணிடம் பூ நிறைந்த கோப்பையை நீட்டும் பையன். எதை நினைத்து இந்தத் துக்கம் என்று இப்போது தெரிகிறது. முதுகுப்பக்கம் வாள் ஆறு. ஒரு பெண்ணும் குழந்தையும் படகில் உட்கார்ந்திருக்க, படகுக்காரர் அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்.

கோப்பை ஐந்தின் பின்னணியில் ஓர் ஆறு ஓடுகிறது, அதன்மேல் ஒரு பாலம். அடுத்த சீட்டில் தண்ணீர்மேல் படகு. இரண்டையும் ஒரே ஆறாக எடுத்துக்கொள்ளுங்கள். "ஊரை நினைத்து அழுகிறாய், போகும் வழி உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, நீ இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை." இதைத் தோழியிடம் சொல்லியிருக்கலாம். படகிலேயே ஆறு வாள்களும் குத்தி நிற்பதையும் காட்டியிருக்கலாம். கிளம்பினாலும் வலி கூடவே வரும், அதையும் மறைக்கக் கூடாது.

இப்போது இடப்பக்கச் சீட்டையும் வலப்பக்கச் சீட்டையும் இடம் மாற்றுங்கள். அங்கிக்காரர் போய்க்கொண்டிருக்கும் படகைப் பார்த்து அழுகிறார். பூ நிறைந்த முற்றம் அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. அதே மூன்று சீட்டு, பதில் தலைகீழ்! உங்கள் மனப்பாடத்தின்படி இரண்டுக்கும் ஒரே பலன்தான்.

வராத சீட்டையும் படிக்க வேண்டும். வேலையைப் பற்றிய கேள்விக்கு பணத்தைக் குறிக்கும் நாணயச் சீட்டு ஒன்றுகூட விழவில்லை. சம்பளம் அவருக்குப் பிரச்சினையே இல்லை என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். விதியைப் பேசும் 22 பெரிய சீட்டுகளான மேஜர் ஆர்கனாவிலிருந்தும் ஒன்றும் இல்லை. முடிவு அவர் கையில்தான் இருக்கிறது என்று அதை நான் படிப்பேன்.

கோல்டன் டான் என்ற பழைய ஆங்கில மறைஞான சங்கத்தின் மரபில், சீட்டின் நான்கு இனங்களுக்கு இடையே நட்பு, பகை என்று ஒரு கணக்கு உண்டு. நீரான கோப்பைக்கும் நெருப்பான கோலுக்கும் பகை, காற்றான வாளுக்கும் மண்ணான நாணயத்துக்கும் பகை, மற்றவை ஒத்துப்போகும். உதவும்தான், ஆனால் கண் பழகிய பிறகு போதும்.

முதலில் இதைச் செய்யுங்கள். தினம் இரண்டே சீட்டு எடுத்து, வினைச்சொல்லோடு ஒரு வாக்கியம் எழுதுங்கள். இடம் மாற்றி இன்னொன்று எழுதுங்கள். பொதுவான பொருள் ஏதாவது படத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். மரணம் சீட்டின் தொலைவில் இரண்டு கோபுரங்கள் நிற்கும், நிலவு சீட்டிலும் அப்படியே இரண்டு நிற்கும். அதைக் கண்ட நாளிலிருந்து மரணம் சீட்டை எடுத்துவைக்க என் கை நடுங்குவதில்லை.

தோழியை மறுபடி கூப்பிடுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாமல், அங்கிக்காரர் எதைப் பார்க்கிறார் என்று அவரையே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா