டோக்கன், பென் டிரைவ், கீபோர்டு: பெங்களூரு நண்பர்கள் கேட்டவை

எங்கள் கம்பெனியின் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் உள்ள யூஎஸ்பி கருவி) ஆடிட்டரிடமே இருக்கிறது. பின் நம்பரும் அவருக்குத் தெரியும். பரவாயில்லையா அம்மா? (அல்சூர்)

பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை அண்ணா. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, அந்த டோக்கனால் போடும் கையெழுத்து நீங்கள் பேனாவால் போட்டதற்குச் சமம். கையெழுத்தை உருவாக்கும் ரகசியச் சாவி டோக்கனில் உள்ள சிப்புக்குள்ளேயே உருவாகி, அங்கேயே இருக்கும். ஆவணத்தின் ஹாஷ் (அதிலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறியீடு) உள்ளே போகும், கையெழுத்து வெளியே வரும். சாவி மட்டும் வராது.

ஒருமுறை ஓர் ஆடிட்டர் ஆபீஸில் டிராயரைத் திறந்தார்கள். பத்துப் பதினைந்து டோக்கன்கள், ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக. ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்டிக்கர். அதில் கம்பெனி பெயர், கீழே பின். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிப்பை உடைக்க யாரும் மெனக்கெடவே வேண்டாமே!

டோக்கனை இன்றே வாங்கி, பின்னை மாற்றுங்கள். தாக்கல் செய்யும் நாளில் நீங்களே எடுத்துப் போங்கள். பின் மறந்தால் குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள், சில தவறுகளில் டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

ஆபீஸில் செக்யூரிட்டி கீ (லாகின் செய்யும்போது பயன்படுத்தும் சிறு கருவி) கொடுத்திருக்கிறார்கள். ஓடிபி போதாதா அக்கா? (ஒயிட்ஃபீல்டு)

போதாது தங்கச்சி. போலித் தளம் கேட்டால் ஓடிபியை நீயே அடித்துக் கொடுத்துவிடுவாய். கீ அப்படியில்லை. எந்தத் தளத்தில் பதிவு செய்தாயோ, அந்த முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். ஓர் எழுத்து மாறிய முகவரியில் உன் கண் ஏமாறலாம், கீ ஏமாறாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019 மார்ச்சில் தரமாக அறிவித்த வெப்ஆத்தன் என்ற லாகின் முறை இப்படித்தான் வேலை செய்கிறது. முடிந்தால் இரண்டு கீ பதிவு செய்து, ஒன்றை வீட்டுப் பீரோவில் வை.

எஸ்.பி. ரோட்டில் என்க்ரிப்டட் பென் டிரைவ் (தகவலைக் குறியீடாக்கிப் பூட்டி வைப்பது) பார்த்தேன். சான்றிதழ் இருந்தால் நம்பி வாங்கலாமா?

சான்றிதழ் மட்டும் போதாது. 2010-இல் பெரிய நிறுவனங்களின் சில டிரைவ்களில், ஃபிப்ஸ் 140-2 என்ற அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரச் சான்று பெற்றவற்றிலேயே, ஒரு ஓட்டையை ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாஸ்வேர்டைச் சரிபார்த்தது கம்ப்யூட்டரில் ஓடிய மென்பொருள். பாஸ்வேர்டு எதுவானாலும், 'திற' என்று டிரைவுக்குப் போன செய்தி ஒன்றேதான். அதை நேராக அனுப்பினால் பாஸ்வேர்டே தேவையில்லை! உள்ளே ஏஇஎஸ் 256 என்ற வலுவான குறியாக்க முறை இருந்தும் பயனில்லாமல் போனது.

அதனால் கடைக்காரரிடம், "பின்னைச் சரிபார்ப்பது டிரைவா, கம்ப்யூட்டரா?" என்று கேளுங்கள். டிரைவின் உடம்பிலேயே எண் பொத்தான் உள்ளவை என் தேர்வு. பலவற்றில் பத்து முறை தவறினால் எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் அழுது பயனில்லை, வேறொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

ஒயர்லெஸ் கீபோர்டில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கலாமா சிஸ்டர்?

பெட்டியில் ஏஇஎஸ் என்று போட்டிருந்தால் சரி. 2016-இல் சில மலிவான கீபோர்டுகள் எழுத்துகளை அப்படியே காற்றில் விடுவதைக் கண்டுபிடித்தார்கள், 250 அடி தூரத்திலிருந்தும் பிடிக்க முடிந்தது. சந்தேகமா, ஒயர் கீபோர்டு வாங்கிவிடுங்கள்.

டிஎஸ்சி டோக்கன் மெட்ரோவில் தொலைந்துவிட்டது. நகல் கிடைக்குமா?

கிடைக்காது. சாவியை வெளியே எடுக்கவே முடியாது என்பதால் நகலுக்கும் வழியில்லை. சான்றிதழ் கொடுத்தவர்களிடம் இன்றே ரத்து செய்யச் சொல்லிவிட்டு, புதிதாக விண்ணப்பியுங்கள்.