விலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, நினைப்பு இருந்தால் போதும்

கேள்வி: கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. சின்னதாக எதைக் கொடுத்தாலும் மனைவிக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. எனக்கோ அந்தப் பழக்கமே இல்லை. பிறந்தநாளுக்குப் பெரிதாக ஒன்று வாங்குவேன், அதற்கே கையைக் கடிக்கிறது. அடிக்கடி எப்படிக் கொடுப்பது?

பதில்: பணத்தைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். பிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியல் ஆடம்ஸ் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசின் விலை கூடினால் வாங்கிக்கொள்பவரின் சந்தோஷமும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். வாங்கிக்கொண்டவர்களிடம் கேட்டபோது அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை, அதுவும் நிச்சயதார்த்த மோதிரத்தில்கூட. உங்கள் மனைவி தேடுவது, தான் பக்கத்தில் இல்லாதபோதும் உங்கள் நினைப்பில் இருந்தோம் என்பதற்குக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

அதனால் முக்கியமான வேலை கடையில் இல்லை, காதில் இருக்கிறது. "இந்தப் பேனா எழுதவே மாட்டேங்குது", "சார்ஜர் வயர் பிஞ்சு போச்சு", "சின்ன வயசுல கலர் பென்சில்னா எனக்கு உயிர்" என்று அவர் போகிற போக்கில் சொல்வதை அன்றைக்கே போனில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, சொன்னதையே அவர் மறந்திருக்கும்போது, அந்தப் பேனா மேஜையில் இருக்கட்டும், கூடவே ஒரு துண்டுச் சீட்டில் "அன்னைக்கு மூணு தடவை உதறி உதறி எழுதினியே, அதான்" என்று ஒரு வரி. அந்தச் சீட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், பேனா தீர்ந்த பிறகும் அது அவருடைய பையில் இருக்கும்.

மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும், ஆனால் கிழமை வைத்துக் கொடுக்காதீர்கள், சம்பளம் மாதிரி ஆகிவிடும். ஒரு சாக்லேட்டுக்குச் சந்தோஷப்பட்டார் என்று வாராவாரம் அதையே வாங்காதீர்கள். அவரே வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் அதையே வாங்குங்கள், "இதைவிட நல்லது" என்று வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வீட்டுக்கு வாங்கும் பொருள் அவருக்குக் கொடுத்த பரிசாகாது. எடை பார்க்கும் மெஷின் மாதிரி குறையைக் குத்திக்காட்டும் பொருள் வேண்டவே வேண்டாம்.

சண்டை போட்ட அன்று மட்டும் கொடுக்காதீர்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நாலு நாள் கழியட்டும். இல்லாவிட்டால் அந்தப் பொருளைப் பார்க்கும்போதெல்லாம் சண்டைதான் ஞாபகம் வரும்.

அன்பைக் காட்டும் ஐந்து வழிகளில் பரிசும் ஒன்று என்று அமெரிக்கத் திருமண ஆலோசகர் கேரி சாப்மன் 1992-ல் எழுதியதிலிருந்து, "என் மனைவி பரிசு டைப்" என்று முத்திரை குத்திவிட்டு மற்றதை விட்டுவிடுபவர்கள் உண்டு. 2024-ல் உளவியல் ஆய்வாளர் எமிலி இம்பெட் குழுவினர் இதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, சத்தான சாப்பாட்டுக்குப் பலவகை உணவு வேண்டியது போல உறவுக்கும் எல்லா வழியும் வேண்டும் என்றார்கள். நானும் அதையே சொல்வேன், உட்கார்ந்து பேசும் நேரத்துக்குப் பரிசு ஈடாகாது.

அப்புறம் ஒன்று. பரிசில் சந்தோஷம் காண்கிறவர் பெரும்பாலும் உங்களுக்கும் ஏதாவது தேடி வாங்கி வருவார். அப்போது "எதுக்கு வீண் செலவு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் எதிரிலேயே பிரியுங்கள், மறுநாளே பயன்படுத்துங்கள்.