கொலுசுப் பட்டறைக்காரர் மகள் பிளாஸ்டிக் படிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தாங்கள் மகளுடன் வந்து பேசிச் சென்ற அன்று, “பிளாஸ்டிக் படிச்சுட்டுப் பொண்ணு பக்கெட்டும் குடமுமா செய்யப் போகுது?” என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு உரிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும் பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்து, கட்டைவிரல் பதியும் இடத்தில் மெத்தென்று இருக்கும் பகுதியை நகத்தால் நெம்பிப் பாருங்கள். நல்ல பிரஷ் என்றால் அது பெயராது. இத்தனைக்கும் அங்கே பசை எதுவும் தடவப்படுவதில்லை. முதலில் பாலிபுரொப்பிலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உருகி அச்சுக்குள் பாய்ந்து கைப்பிடியாக உறைகிறது. பிறகு டிபிஇ எனப்படும், ரப்பரின் குணம் கொண்ட பிளாஸ்டிக் அதன்மேல் உருகிப் பாய்கிறது. பின்னால் வந்ததன் சூட்டில் முன்னதன் மேல்தோல் சற்றே இளக, இரண்டின் மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்கின்றன.

தங்கள் பட்டறையில் வெள்ளியைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும்போது முதலில் வெண்காரம் இடுவது எதற்கு என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரப்பு சுத்தமாக இல்லாவிட்டால் பற்று ஓடாது. தங்கள் மகள் படிக்க விரும்புவதும் அந்தப் பற்றைத்தான்; வெள்ளிக்குப் பதில் பிளாஸ்டிக், அவ்வளவே. ஆனால் இங்கே ஜோடிப் பொருத்தமும் பார்க்க வேண்டும். பாலிபுரொப்பிலீனோடு எஸ்இபிஎஸ் வகை டிபிஇ நன்றாக ஒட்டும். அதையே ஏபிஎஸ் என்ற வேறொரு கெட்டியான பிளாஸ்டிக் மீது பாய்ச்சினால் தோல்போல உரிந்து வந்துவிடும். ஏபிஎஸ்ஸுக்கு டிபியு (பாலியூரித்தேன் வகை மென்பிளாஸ்டிக்) போன்ற, துருவத்தன்மை, அதாவது மூலக்கூறுக்குள் மின்னூட்டம் ஒருபுறம் சாய்ந்திருக்கும் தன்மை உள்ள பொருள் தேவை. பொருத்தமே இல்லாத ஜோடியைச் சேர்த்தாக வேண்டுமென்றால், கைப்பிடியில் துளையும் காடியும் வைத்து, மேலே பாயும் பொருள் அவற்றுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளுமாறு அச்சை வடிவமைக்கிறார்கள்.

உண்மையான ரப்பர் என்றால் சிக்கல் இன்னும் சுவையானது. பிளாஸ்டிக் குளிர்ந்தால்தான் இறுகும். ரப்பரோ சூட்டில்தான் வெந்து இறுகும். ஈபிடிஎம் போன்ற ரப்பர் வேக பொதுவாக 170 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். பாலிபுரொப்பிலீனோ 165 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். ஆகவே 260 டிகிரி வாக்கில்தான் உருகும் நைலான் 66 போன்ற பிளாஸ்டிக்குகளைத் தேர்ந்துகொண்டு, ஒரே அச்சில் ஒரு பக்கத்தைக் குளிராகவும் மறுபக்கத்தைக் கொதிப்பாகவும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேதியியலும் இயந்திரவியலும் சேர்ந்து தெரிந்தவருக்கே இந்த வேலை பிடிபடும். ஆள் குறைவாகக் கிடைப்பதும் அதனால்தான்.

என் மாணவர் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், பிளாஸ்டிக்கின்மேல் ரப்பர் பாய்ச்சிய பிடிகள், காலை வரை சரியாக வந்தவை, மதியத்துக்குமேல் மொத்தமாக உரியத் தொடங்கின. பொருளும் அதுவே, சூடும் அதுவே. உரிந்த பரப்பில் ரப்பரின் துணுக்குகூட ஒட்டியிருக்கவில்லை. ரப்பர் கிழிந்து பிளாஸ்டிக்கின்மேல் படிந்து நின்றால் பற்று சரி. வழுவழுவென்று கழன்று வந்தால் பரப்பில்தான் கோளாறு. கடைசியில், பக்கத்து இயந்திரத்தில் அச்சிலிருந்து பொருள் எளிதாகக் கழல அடித்த சிலிக்கோன் ஸ்பிரே காற்றில் பறந்து வந்து இவருடைய பிடிகளின்மேல் படிந்திருந்தது தெரிந்தது. மேலதிகாரி அதற்குள் இவர்மேல் பழியைப் போட்டுவிட்டார் என்பது வேறு கதை.

படிப்புக்கு வருகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் பி.டெக். இருக்கிறது, அது கிடைத்தால் இரண்டாவது யோசனை வேண்டாம். ஆனால் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்பதால், வேதியியலில் வலுவாகவும் கணக்கில் சற்றுத் தளர்வாகவும் இருக்கும் தங்கள் மகளுக்கு அந்த இடம் கைநழுவக்கூடும். அப்படியானால், கிடைத்த கல்லூரியில் கிடைத்த பிரிவு என்று பணம் கட்டிச் சேர்ப்பதைவிட, சேலத்திலேயே பி.எஸ்சி. வேதியியல் படிக்கவைத்து, பிறகு சிப்பெட்டின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயத்துக்கு அனுப்புவதையே நான் விரும்புவேன். 1968-இல் சென்னை கிண்டியில் தொடங்கிய, பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனம் அது. அங்கே இயந்திரத்தின் முன் நின்று கற்கலாம்.

தாங்கள் கேட்கத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மோல்டிங் தளத்தில், அதாவது அச்சில் பொருள் வார்க்கும் இடத்தில், சூடும் சத்தமும் உண்டு, இரவு ஷிஃப்டும் வரும். சோதனைக்கூடம், அச்சு வடிவமைப்பு ஆகிய பிரிவுகளில் பெரும்பாலும் பகல் வேலைதான். எனினும் முதல் ஓராண்டு தளத்தில் நின்று பழகாதவரை அங்கேயும் யாரும் மதிப்பதில்லை. சேலத்துக்குள் வாய்ப்பு குறைவு. ஓசூர், கோயம்புத்தூர், சென்னை என்று போக நேரிடும். இதற்குத் தாங்கள் இருவரும் மனம் ஒப்புகிறீர்களா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை வரும்போது மகளின் மதிப்பெண் பட்டியல் நகலுடன், தங்கள் வீட்டில் தேய்ந்துபோன பழைய பிரஷ்கள் இரண்டு மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பிடியை உரித்துப் பார்த்து எது ஏன் உரிகிறது என்று அவரே தங்களுக்கு விளக்கட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.