தாடை முடிக்கு மூன்றாவது பேக்கேஜ் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 29. சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். சம்பளம் 2,500 ரிங்கிட். பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 2,200. பதினாறு வயதிலிருந்தே எனக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர்கிறது. மாதவிடாயும் ஒழுங்காக வருவதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஓர் அழகு நிலையத்தில் 3,600 ரிங்கிட்டுக்கு லேசர் பேக்கேஜ் எடுத்தேன். ஒரே வருடத்தில் முடி திரும்ப வந்துவிட்டது. சென்ற ஆண்டு வேறொரு நிலையத்தில் பத்துத் தடவைக்கு 4,200 ரிங்கிட் என்று கிரெடிட் கார்டில் கட்டினேன். மூன்று தடவைதான் போயிருக்கிறேன். அதற்குள் கன்னத்தோரத்தில், முன்பு முடியே இல்லாத இடத்தில், மெல்லிய முடி தெரிகிறது. கார்டில் 4,600 ரிங்கிட் பாக்கி. குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறேன். மாதக் கடைசியில் பெட்ரோலுக்கும் சாமானுக்கும் மறுபடியும் அதே கார்டில் 150 ரிங்கிட் வரை எடுத்துவிடுகிறேன். இப்போது அந்த நிலையத்தார் 'வாழ்நாள் உத்தரவாதம்' உள்ள புதிய பேக்கேஜ் 5,400 ரிங்கிட் என்கிறார்கள். இன்னோர் இடத்தில், ஊசி வைத்து ஒவ்வொரு முடியாக எடுக்கும் எலெக்ட்ரோலிசிஸுக்கு அரை மணிக்கு 90 ரிங்கிட் என்றார்கள். தைப்பூசம் முடிந்து பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் முடித்துவிடு என்கிறார் அம்மா. அத்தை தாம் நடத்தும் கூட்டில், அதாவது பலர் மாதந்தோறும் பணம் போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் எடுக்கும் சீட்டில், முதல் தொகையை எனக்கே தருவதாகச் சொல்கிறார். சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் 1,100 ரிங்கிட் இருக்கிறது. எதைச் செய்தால் பணம் வீணாகாது?

பதில்:

சகோதரிக்கு,

நாள்தோறும் பிறருடைய சம்பளப் பட்டியலை எழுதும் உங்களுக்கு வரவு செலவு எழுதிப் பார்க்கும்படி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முகத்து முடிக்காகச் செலவு செய்வது ஆடம்பரம் என்றும் சொல்லமாட்டேன். பதினாறு வயதிலிருந்து சுமந்து வரும் கவலை அது என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் லேசரா, எலெக்ட்ரோலிசிஸா என்ற கேள்விக்குப் போகும் முன், உங்களைக் கெடுக்கும் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலன் கிடைக்குமா என்று தெரியும் முன்பே முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறீர்கள். இரண்டாம் முறை அதையும் கடனில் கட்டியிருக்கிறீர்கள். அந்தக் கடன் அடையும் முன்பே மூன்றாவதைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

கார்டுக் கணக்கை முதலில் பாருங்கள். குறித்த தேதியில் கட்டத் தவறுகிறவர்களுக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். தவறாமல் கட்டுகிறவர்களுக்கே அது 15 சதவீதம். உங்களுக்கு 18 என்றே வைத்துக்கொண்டால், 4,600 ரிங்கிட்டுக்கு மாத வட்டி 69 ரிங்கிட். குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து சதவீதம், அதாவது 230 ரிங்கிட். அதிலிருந்து வட்டி 69 போய், மாதக் கடைசியில் நீங்கள் மறுபடியும் எடுக்கும் 150 ரிங்கிட்டும் போனால், கடன் உண்மையில் குறைவது 11 ரிங்கிட். மாதந்தோறும் 230 ரிங்கிட் கட்டுவதாக நீங்கள் நினைத்திருக்க, வங்கியின் ஏட்டில் கழிவது 11 ரிங்கிட்தான். பாக்கி இருக்கும் வரை புதிதாக எடுக்கும் பெட்ரோலுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. ஓர் ஆண்டு வட்டி மட்டும் ஏறக்குறைய 820 ரிங்கிட் ஆகிறது. நீங்கள் விசாரித்த எலெக்ட்ரோலிசிஸில் ஒன்பது அரை மணி நேரத்துக்கு அந்தப் பணம் போதும்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். லேசர் ஒளி முடியில் உள்ள கருநிறப் பொருளைத் தேடிச் சென்று சூடாக்கி, அந்தச் சூட்டால் வேரைச் சேதப்படுத்துகிறது. ஆகவே கறுத்துத் தடித்த முடியில் அது நன்றாக வேலை செய்யும். நரைத்த முடியிலும் மெல்லிய பூனை முடியிலும் வேலை செய்யாது. நம்முடைய தோலிலும் அதே கருநிறப் பொருள் நிறைந்திருப்பதால், பொருந்தாத கருவியைப் பயன்படுத்தினால் தோலே சுட்டுக் கருந்தழும்பு விழும். நம் நிறத்துக்கு ஓரளவு பாதுகாப்பானது 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர். பல அழகு நிலையங்களில் 'லேசர்' என்று சொல்லி வைத்திருக்கும், பளிச்சென்று ஒளி பாய்ச்சும் ஐ.பி.எல். கருவி லேசரே அல்ல. தொலைபேசியில் நேரலையாகக் கூவி விற்கப்படும் வீட்டுக் கருவிகளும் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றின் பக்கம் போகவே வேண்டாம். முகத்தில், அதிலும் ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு, லேசர் பட்ட இடத்தைச் சுற்றிப் புதிதாக முடி வளர்வதும் மருத்துவர்கள் அறிந்த ஒரு பக்க விளைவு. கன்னத்தோரத்தில் நீங்கள் காண்பது அதுவாக இருக்கலாம். அப்படி இருந்தால், அதே கருவிக்கு இன்னும் 5,400 ரிங்கிட் கட்டுவது எரிகிற அடுப்பில் இன்னொரு கட்டையைச் செருகுவதாகிவிடும்.

எலெக்ட்ரோலிசிஸ் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1875-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்தும் இமை முடிகளை அகற்ற இந்த முறையைப் பயன்படுத்தினார். மயிர்த்துளைக்குள் மெல்லிய ஊசியை இறக்கி, மின்சாரத்தால் வேரை அழிப்பார்கள். முடி கறுப்பா வெளுப்பா, தோல் எந்த நிறம் என்பதெல்லாம் இதற்குப் பொருட்டில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 'நிரந்தர அகற்றல்' என்ற சொல்லை இதற்குத்தான் ஒப்புகிறது. லேசருக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லவே அனுமதி. குறைகளும் உண்டு: வலிக்கும், நேரம் பிடிக்கும், கை பழகாதவர் செய்தால் தழும்பு விழும். முடி வளரும் பருவத்தில் இருக்கும்போதுதான் வேர் சாகும் என்பதால் ஒரே இடத்துக்குப் பல முறை போக வேண்டும்; தாடை முழுவதும் ஓய ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ ஆகும். முதுகு, கால் போன்ற பெரிய பரப்புக்கு இது ஏற்றதல்ல. தாடைக்கும் மேலுதட்டுக்கும் ஏற்றது.

தோராயமாகக் கணக்கிட்டால், முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி என்று பன்னிரண்டு தடவை, அதாவது 1,080 ரிங்கிட். அடுத்த ஓராண்டுக்கு மாதம் ஒரு முறை என்றால் இன்னொரு 1,080. ஆக, ஒன்றரை ஆண்டில் 2,200 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. இதைவிடக் கூடலாம், ஆனால் மூன்றாவது தடவையிலேயே தோல் கறுக்கிறது என்று தெரிந்தால் 270 ரிங்கிட்டோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களிடம் இருக்கும். பேக்கேஜில் அந்த உரிமையைத்தான் விற்றுவிடுகிறீர்கள். அதனால் உங்களுக்கு நான் எலெக்ட்ரோலிசிஸையே சொல்வேன். போகும் நாளில், போன தடவைக்கு மட்டும், கையில் இருக்கும் பணத்தைக் கொடுங்கள். அங்கேயும் 'பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டினால் இரண்டு இலவசம்' என்பார்கள், மறுத்துவிடுங்கள். பிற்காலத்தில் லேசரைத் திரும்ப யோசித்தால், அதைப் பதிவு பெற்ற மருத்துவர், அழகுச் சிகிச்சைக்குச் சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்.சி.பி. சான்றோடு செய்ய வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் தயங்க ஒன்றுமில்லை.

ஊசிக்கு முன்னால் வேறொரு செலவு இருக்கிறது. அது ஒரு ரிங்கிட். மாதவிடாய் ஒழுங்கின்மையும் தாடை முடியும் சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, அதாவது பி.சி.ஓ.எஸ்., இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தமக்கு இருப்பதே தெரிவதில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பாருங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் நிபுணரையும் குறைந்த செலவில் பார்க்கலாம். இந்த நோய் நீரிழிவுக்கும் வழி வைப்பதால், முடிக்காக மட்டுமின்றி உங்களுக்காகவும் இதைத் தள்ளிப் போடக்கூடாது. மருந்தின் பலன் முடியில் தெரிய ஆறு மாதமாவது பிடிக்கும். உள்ளிருந்து தூண்டும் ஹார்மோனைக் கவனிக்காவிட்டால் எந்தக் கருவி அழித்தாலும் புதிய வேர்கள் விழித்துக்கொண்டே இருக்கும். உங்கள் முதல் 3,600 ரிங்கிட் போன வழியும் அநேகமாக அதுதான்.

இப்போது பணத்தைத் திரும்பப் பெறும் வழி. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் ரத்து செய்யலாம் என்கிறது. அப்போது நிலையத்தார் பிடித்துக்கொள்ளக் கூடியது மொத்த விலையில் ஐந்து சதவீதம், நீங்கள் பெற்றுக்கொண்ட சேவையின் பங்கு, பயன்படுத்திய பொருளின் விலை, இவ்வளவே. 4,200-இல் ஐந்து சதவீதம் 210. பத்தில் மூன்று தடவைக்கு 1,260. களிம்பு ஏதும் கொடுத்துப் பில் போட்டிருந்தால் அதற்கு ஒரு 130 என்று வையுங்கள். இவை போக 2,600 ரிங்கிட் உங்களுக்கு வர வேண்டும். 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டுவார்கள்; அந்த வரி இந்தச் சட்டத்தை வெல்லாது. மறுத்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

அந்த 2,600 கார்டுக்குப் போனால் பாக்கி 2,000. மூன்றாம் கணக்குப் பணத்தைத் தொடாதே என்று வழக்கமாகச் சொல்பவன் நான். உங்களுக்கு மாற்றிச் சொல்கிறேன். சேமநிதி 2024-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.3 சதவீதம்; கார்டு உங்களிடம் வாங்குவது 18. அதில் 1,000 ரிங்கிட்டை எடுத்துக் கார்டில் கட்டுங்கள். முகத்துக்காக ஒரு சென்னும் அதிலிருந்து எடுக்காதீர்கள். மிச்சம் 1,000. இப்போது கட்டும் 230-ஐயே தொடர்ந்து கட்டினால் ஐந்து மாதத்தில் அது தீரும், கார்டைப் பெட்ரோல் நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் இருந்தால். அதற்காக, மூன்றாம் கணக்கில் மீந்த 100 ரிங்கிட்டை அவசரத்துக்கு விட்டு வையுங்கள். நிலையத்தார் பணம் தர இழுத்தடித்துக் கார்டுக் கடன் கைமீறினால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.-இன் ஈப்போ கிளைக்குப் போங்கள், ஆலோசனை இலவசம்.

அத்தையின் கூட்டு வேண்டாம். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது; யாராவது ஒருவர் கட்டாமல் நின்றால் முறையிட இடம் கிடையாது. முதல் தொகையை எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டியே ஆக வேண்டும் என்பதால் அதுவும் கடன்தான். வங்கிக் கடனோடு உறவையும் பணயம் வைத்த கடனாகிவிடும்.

அம்மாவிடம் ஒன்றை நேராகச் சொல்லுங்கள்: தைப்பூசத்துக்குள் எந்தக் கருவியாலும் இது முடியாது. லேசருக்கே ஆறு எட்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மாதமோ இரண்டு மாதமோ வேண்டும். பெண் பார்க்கும் நாளுக்கு வேண்டியது சவரக் கத்திதான். சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது தவறு. வேர் அப்படியேதான் இருக்கும். ஊசிக்குப் போவதற்குச் சில நாட்களுக்கு முன் மட்டும் முடியைக் கொஞ்சம் வளர விட வேண்டும், ஊசியைச் செலுத்தப் பிடி கிடைப்பதற்காக.

இந்த வாரமே ரத்துக் கடிதத்தை எழுதுங்கள். ஒப்பந்தத் தேதி, கட்டிய தொகை, போன மூன்று தேதிகள், 17-ஆம் பிரிவின்படி ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, திருப்பித் தர வேண்டிய தொகை, இவை போதும். கோபமாக எதுவும் எழுத வேண்டாம். இரண்டு படி எடுத்து, ஒன்றில் நிலையத்தாரின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால், அங்கே நின்று வாதாடாமல், சுங்கை சிப்புட் அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கார்டு அறிக்கையோடு சேர்த்து வையுங்கள்.