ஏமாந்த ரசீது பீரோவில் இருக்க, மறுபடியும் 10 லட்சமா?

கேள்வி: என் அப்பா 1996ல் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 60,000 ரூபாய் போட்டு ஏமாந்தவர். அந்த ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. இப்போது ஓய்வு பெற்று வந்த பணத்தில் 10 லட்சத்தை, மாதம் 8% தருவதாகச் சொல்லும் ஒரு தங்க வியாபார நிறுவனத்தில் போடப் போகிறார். என் மாமா அதில் ஐந்து மாதமாக வட்டி வாங்குகிறார். பட்ட பிறகும் ஏன் இப்படி? எப்படித் தடுப்பது?
- வாசகி, சேலம்

பதில்: உங்கள் அப்பா எதையும் மறக்கவில்லை. மறந்திருந்தால் அந்த ரசீதை வைத்திருக்க மாட்டார். ஆனால் ‘பைனான்ஸ் என்றாலே வேண்டாம்’ என்பதுதான் அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. அதனால் அதே ஆபத்து வேறு பெயரில் வரும்போது அடையாளம் தெரிவதில்லை. 2012ல் பெருந்துறையில் வெடித்த மோசடியில் அது ஈமு கோழி வளர்ப்பாக வந்தது. 2022ல் வெடித்த ஆருத்ரா வழக்கில் தங்கத்தின் பெயரில் வந்தது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் வாங்கியதாகப் புகார். பெரும்பாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: புதிதாகப் போடுபவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுப்பது. புது ஆள் வரத்து குறைந்தால் கடையைப் பூட்டிவிடுவார்கள்.

மாமா பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். விளம்பரத்தை நம்பாதவர்கூட, மச்சான் போனில் ‘பணம் வரவு’ என்று வரும் எஸ்எம்எஸ்ஸை நம்பிவிடுவார்.

சரி, எப்படித் தடுப்பது? ‘மறுபடியும் ஏமாறப் போறீங்களா’ என்று ஆரம்பிக்காதீர்கள், ரோஷம் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். 10 லட்சத்துக்கு மாதம் 80,000, வருடத்துக்கு 9,60,000. அவ்வளவு லாபம் வரும் தொழிலுக்கு வங்கியே இதில் சிறு பங்கு வட்டிக்குக் கடன் தருமே, இவர்கள் ஏன் ஓய்வு பெற்றவரைத் தேடி வருகிறார்கள்? தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், 8.2% வட்டி என்றால் அதே 10 லட்சத்துக்கு வருடம் முழுக்கவே 82,000தான். இந்த இரண்டு எண்ணையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், ஜிஎஸ்டி சான்றிதழையும் கம்பெனி பதிவையும் காட்டுவார்கள். இரண்டுமே மக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி ஆகாது. அந்த அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பாருங்கள்.

மாமாவிடமும் பேசுங்கள். அசலை இப்போதே திருப்பிக் கேட்கட்டும். ‘அடுத்த மாதம்’ என்று இழுத்தால் காத்திருக்காமல் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கட்டும். தமிழ்நாட்டில் முதலீட்டாளர்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. உங்கள் அப்பாவைப் போல அன்று பைனான்ஸ் கம்பெனிகளில் பணத்தை விட்டவர்களால் வந்த சட்டம் அது.