அம்மாவின் மறதிக்குக் கண் ஸ்கேன் விடை சொல்லுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: "68 வயதான என் அம்மா, வீட்டிலிருந்தபடியே வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோத்துக் கொடுப்பவர். ஆறு மாதமாக எண்ணிக்கை தவறுகிறது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். கண்ணை ஸ்கேன் செய்தால் டிமென்ஷியா என்கிற மறதி நோயை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே, எடுக்கலாமா?"

அந்த ஒரு காரணத்துக்காக எடுக்க வேண்டாம்.

விழித்திரை, கருவில் மூளையிலிருந்தே கிளைத்து வளரும் திசு என்பதால், மூளையின் நரம்பணுக்கள் அழியும்போது அதன் அடையாளம் கண்ணிலும் தெரியக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நீங்கள் கேட்கும் கண் ஸ்கேனின் பெயர் ஓசிடி. 1991-இல் அறிமுகமான இது, ஒளியைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கிறது. தாடையை ஊன்றிச் சில விநாடி ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும். பார்வை நரம்பைச் சுற்றி, மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே தடிமனுள்ள நரம்பிழை அடுக்கு, டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் உள்ளவர்களிடம் சராசரியாகச் சற்று மெலிந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மஞ்சளிலுள்ள குர்குமினைக் கொடுத்து, அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதம் விழித்திரையிலும் படிவதை ஒளிரவைத்துப் பார்த்த தொடக்க ஆய்வும் 2017-இல் வெளியானது. (மஞ்சள் உண்டால் மறதி தீரும் என்று இதற்குப் பொருளில்லை.)

ஆனால் கண் நீர் அழுத்த நோயும், அதிகமான கிட்டப்பார்வையும், முதுமையும் அதே அடுக்கை மெலியச் செய்கின்றன. ஸ்கேன் அறிக்கை, அடுக்கின் தடிமனை நிறத்தால் காட்டும்; பச்சை என்றால் இயல்பான அளவு. சிவப்பு நிறம் வந்தால், அதே வயதுடைய நலமானவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இவ்வளவு மெலிவு காணப்படும் என்பதே பொருள். காரணத்தை அது சொல்லாது. பச்சை வந்ததை நம்பி மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடும் குடும்பங்களை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

அம்மாவை நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்று நினைவாற்றல் சோதனையும், வைட்டமின் பி12, தைராய்டு இரத்தப் பரிசோதனைகளும் செய்யுங்கள். மனச்சோர்வும் சில மாத்திரைகளும்கூட மறதியை உண்டாக்கும், அவை சரிசெய்யக்கூடியவை. கண் மருத்துவரிடமும் காட்டுங்கள், ஆனால் கண்புரைக்காக. பார்வை மங்கினாலும் சலங்கை எண்ணிக்கை தவறும்; கடிகாரம் வரையச் சொல்லும் நினைவாற்றல் சோதனையிலும் மதிப்பெண் குறையும். சரிசெய்யாத பார்வைக் குறைபாட்டை டிமென்ஷியாவுக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் சேர்த்திருக்கிறது.

பட்டறைக்குக் கொடுத்த சரக்கை அம்மா தன் கையாலேயே எழுதிவைக்கும் கணக்கு நோட்டு இருந்தால், போன வருடத்துப் பக்கங்களையும் இந்த மாதத்துப் பக்கங்களையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். எழுத்தும் கூட்டலும் எப்போது தடுமாறத் தொடங்கின என்பதை மருத்துவர் அதில் நேரடியாகப் பார்க்க முடியும்.