தண்ணீர் பாட்டிலை அவரிடமே கொடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 50 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவர் குடிக்கும் தண்ணீரை நான்தான் அளந்து கொடுக்கிறேன். ஆனாலும் ஒளிந்து குடிக்கிறார், தினமும் சண்டை. அவருக்காக வேலையை விட்டுவிட்டேன். கடைக்குப் போனால்கூட மனசு பதறுகிறது. என்ன செய்வது?

பதில்: தண்ணீரிலிருந்தே தொடங்குவோம் சகோதரி. டயாலிசிஸ் நோயாளியின் தாகம் கொடுமையானது. அதற்கு வீட்டிலேயே ஒருவர் காவல் இருந்தால், ஒளிந்து குடிக்கத்தான் தோன்றும்.

டாக்டர் சொன்ன அளவைக் காலையில் அவரே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளட்டும். காபி, மோர், ரசம் எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். தினமும் எடை பார்த்து நோட்டில் எழுதுவதும், கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) அதிர்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும் அவர் வேலை. ஒரு லிட்டர் நீர் உடம்பில் தங்கினால் எடை ஒரு கிலோ ஏறும். அதை எடை மெஷினே அவருக்குச் சொல்லிவிடும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

முதல் வாரம் கஷ்டம்தான். அவர் கூடுதலாகக் குடிக்கலாம். அதிக நீரை இழுக்கும்போது டயாலிசிஸில் தசைப்பிடிப்பு வரலாம். பாட்டிலைப் பிடுங்க உங்கள் கை பரபரக்கும். பிடுங்காதீர்கள். ஆனால் இந்த மாற்றத்தை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கைகால் திடீரெனத் தளர்கிறது, ஃபிஸ்டுலா அதிர்வு நின்றுவிட்டது என்றால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அந்த நேரத்தில் யார் பொறுப்பு என்ற பேச்சே கூடாது.

உங்கள் பங்கு அடுப்படியில் இருக்கிறது. உப்பு குறைந்தால் தாகமும் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வாங்குவதையே நிறுத்துங்கள். ஆயிரம் அறிவுரையைவிட அது பலன் தரும்.

அப்புறம், உங்களைப் பற்றி. ஒரு டயாலிசிஸுக்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும். அங்கே நர்ஸும் டெக்னீஷியனும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது துணைக்கு மகனையோ கொழுந்தனாரையோ அனுப்புங்கள். "அவனை விட்டுட்டு எங்க போற?" என்று மாமியார் கேட்டால் வாதாட வேண்டாம், "வந்துடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பழைய வேலையிடத்தில் பகுதி நேரமாவது கிடைக்குமா என்று இந்த வாரமே விசாரியுங்கள். இத்தனைக்குப் பிறகும் பதற்றம் தூக்கத்தைக் கெடுத்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.